அண்ணன் வாங்கியதும் டாக்டர் வாங்குவதும்

1

போன செவ்வாய்க்கிழமை லிஃப்டில் வைத்து ஒரு டாக்டரிடம், "சார், உங்களுக்கு மாசம் எவ்ளோ சம்பளம்?" என்று கேட்டுவிட்டேன்.

லிஃப்டில் இரண்டு நர்சுகளும், சக்கர நாற்காலியில் ஒரு ஓமானிப் பெரியவரும் இருந்தார்கள். டாக்டர் கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் துடைக்கிற வாளியைக் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது மாடியில் கதவு திறந்ததும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அந்தப் பெரியவரையும் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அவர் போக வேண்டியது ஆறாவது மாடிக்கு.

சாயங்காலத்துக்குள் சேதி எங்கள் சூப்பர்வைசர் பிஜு சேட்டனிடம் போய்விட்டது. கேரளாக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"டேய், உனக்கு வட்டா, பைத்தியமா? ஹார்ட் டாக்டர்கிட்ட சம்பளம் கேப்பியா?"

"தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன் சேட்டா."

"எதுக்கு? நீ ஏத்திக் குடுக்கப் போறியா?"

எங்கள் ஊரில் அது தப்பே கிடையாது. படகு கரையில் ஏறினதும் முதல் கேள்வி, "இன்னா மச்சான், எம்மாம் கெடைச்சுது?" என்பதுதான். மீன் மணலில் கிடக்கும், ஏலம் சத்தமாக நடக்கும், எந்தப் படகுக்கு என்ன வந்தது என்று தெருவில் நடக்கிற பிள்ளைக்கும் தெரியும். மறைக்கிறவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம். இங்கே ஒரே ரூமில் எட்டுப் பேர் படுக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை தெரியும், அவன் பெண்டாட்டியோடு போடுகிற சண்டை தெரியும். சம்பளம் தெரியாது.

நான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்துப் பையன். பெயர் தினேஷ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். எனக்கு எழுத வராது. எங்கள் வீட்டில் எழுதுகிறவன் என் அண்ணன். அவன் செத்து இந்த மாசத்தோடு ஒரு வருஷம். அவனுடைய சிநேகிதர் ஒருத்தர் சின்னதாகப் பத்திரிகை நடத்துகிறார். "நீ மனசுல இருக்கறத அப்படியே அனுப்பு, எழுத்துப் பிழைய நான் பாத்துக்கறேன்" என்றார். அதனால் அனுப்புகிறேன்.

டாக்டரிடம் ஏன் கேட்டேன் என்றால், என் தங்கச்சி நித்யாவுக்கு டாக்டர் சீட்டு கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற இடம். ஃபீஸை கவர்ன்மென்டே கட்டும். எங்கள் குப்பத்தில் அப்படி ஒன்று இதுவரைக்கும் நடந்ததில்லை. அவள் போக மாட்டேன் என்றாள். அண்ணன் மாதிரிப் பத்திரிகைக்கு எழுதப் போவேன் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் காலேஜில் போய்ச் சேராவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள்.

2

அண்ணன் பெயர் குமரேசன். பொன்னேரிக்குப் போய் பி.ஏ. தமிழ் படித்தான். ஒரு தினசரிக்கு எங்கள் பக்கத்துப் பகுதிநேர நிருபர். பகுதிநேரம் என்பது பெயருக்குத்தான். விடிந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போவான், இருட்டினால் வருவான்.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வருகிற செய்திக்கு எழுபது ரூபாய். போட்டோவும் வந்தால் கூட முப்பது. அனுப்பினதற்கு இல்லை, வந்தால்தான். ஏதாவது நடிகர் வீட்டுக் கல்யாணம் என்றால் அன்றைக்கு எங்கள் ஊருக்கு இடம் இருக்காது. மூவாயிரம் தாண்டினால் அது பெரிய மாசம். பெட்ரோல் அவனுடையது. தீபாவளி, பொங்கலுக்குக் கடை கடையாக ஏறி வாழ்த்து விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதில் கொஞ்சம் கமிஷன். விளம்பரம் கொடுத்த கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் அதை எழுத முடியாது. காசு வராததைக்கூடப் பொறுத்துக்கொள்வான், இதற்குத்தான் அவனுக்கு வயிறு எரியும்.

நான் கொஞ்ச நாள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போனேன். அப்புறம் ஏஜென்ட் பிடித்து இங்கே வந்தேன். நம் காசில் மாசம் இருபத்து நாலாயிரம் வருகிறது. முதல் மாசம் பணம் போட்டபோது அண்ணன் போனில் சிரித்தான்.

"எட்டாவது படிச்சவன் பெனாயில ஊத்தி சம்பாரிக்கிறான். பி.ஏ. படிச்சவன் அந்தக் காசுல பெட்ரோல் போடறான். இத நியூஸா அனுப்பட்டாடா? எழுபது ரூபா தேறும்."

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடங்கள் சில இருக்கின்றன. சில இடத்தில் அள்ளலாம். சில இடத்தில் பாசிதான் வரும். நல்ல இடத்தை ஒருத்தனே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு நீ, நாளைக்கு அவன், அப்புறம் இன்னொருத்தன் என்று ஊர் சீட்டுப் போட்டுச் சுற்றி விடும். எப்பேர்ப்பட்ட ஏழைக்கும் நல்ல இடம் ஒரு நாள் வரும். எப்பேர்ப்பட்ட பெரிய ஆளும் பாசியை அள்ளிக்கொண்டு வருகிற நாள் உண்டு. இந்த முறை கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான். தனிக் குடும்பம் ஆனால்தான் ஊரில் ஒரு ஆளாகப் பெயர் ஏறும்.

அண்ணனை மாப்பிள்ளை பார்க்க சுண்ணாம்புக்குளத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணுடைய மாமா டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"மாப்பளைக்கு ஏரியில மொற கீதா?"

"கண்ணாலம் ஆச்சுன்னா உண்டு" என்றார் எங்கள் அப்பா. அவரை நாங்கள் நைனா என்போம்.

"பேப்பர்ல சம்பளம்?"

"நியூஸ் வந்தா உண்டு."

"அப்போ ரெண்டுமே இனிமேதான் வரணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். போனவர்கள் போனவர்கள்தான். அதற்கப்புறம் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள், இவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. சம்பளம் இல்லாததால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாததால் ஏரியும் இல்லை.

கடைசியில் நைனாவே கிளம்பினார். வெள்ளைச் சட்டை போட்டு, ஐஸ் பெட்டியில் நண்டு எடுத்துக்கொண்டு, திருவள்ளூரில் இருக்கிற அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே எங்கள் பக்கத்துக்கெல்லாம் மேலான நிருபர் ஒருத்தர் இருந்தார். மாசச் சம்பளம் வாங்குகிறவர். நைனா அவர் முன்னால் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்.

"சார், நீங்க நல்ல எடத்துல ரொம்ப நாளா ஒக்காந்துகினு கீறீங்க. தப்பா சொல்லல. எங்க பையனுக்கு மொற எப்ப வரும்?"

"என்னங்க முறை?"

"அதான் சார், இந்த நாற்காலி. சீட்டு போடுவீங்களா, இல்ல வயசுப்படியா?"

"பெரியவரே, இங்க முறையெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க."

"மொற இல்லாட்டி எப்டி சார் சண்ட இல்லாம ஓட்றீங்க?"

அவர் நண்டை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாராம். பொன்னேரி வந்தப்புறம், "அப்போ சாவுற வரைக்கும் அது அவருக்கேவாடா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "அவுருக்கும் பெருசா ஒண்ணும் வரல நைனா. பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட என்கிட்டயே கைமாத்து கேட்டாரு" என்றானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நைனா சிரிக்க மாட்டார். அவருக்கு அது இன்னும் நியாயமான கேள்விதான். எனக்கும்தான்.

3

ரேஷன் கடை முன்னால் பெண்கள் மறியல் செய்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும்போது அண்ணனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு பெட்டிக்கடையில் சோடா குடித்தான். வலியோடு உட்கார்ந்து அந்தச் செய்தியை போனில் அடித்து நித்யாவுக்கு அனுப்பினான். அவள்தான் எப்போதும் அதைத் திருத்திப் பத்திரிகைக்கு அனுப்புவாள். அதை அனுப்பி முடித்த பிறகுதான் கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு ஆட்டோ சொல்லுங்க" என்றிருக்கிறான்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஹார்ட்டுதான் என்றார்கள். அதைப் பார்க்கிற டாக்டர் இங்கே இல்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மீஞ்சூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அங்கேயே முடிந்துவிட்டது. வயசு முப்பத்தொன்று.

மறுநாள் ரேஷன் கடைச் செய்தி போட்டோவோடு வந்திருந்தது. அதே பக்கத்தில் கீழே நாலு வரியில் அவன் செத்த சேதியும் வந்திருந்தது. அந்தச் செய்திக்கு நூறு ரூபாய் வர வேண்டும். வந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா என்று நித்யா மனு எழுதிக்கொண்டு அலைந்தாள். அண்ணனிடம் அடையாள அட்டை இருந்தது. ஊழியர் என்று பெயர் இல்லை. பெயர் இல்லாதவன் செத்தால் கொடுக்க வழி இல்லை என்று தன்மையாகத்தான் சொன்னார்களாம்.

இங்கேயும் அப்படித்தான். ஆபீசில் போய் எனக்குத் தெரிந்த ஹிந்தியில், அண்ணன் செத்துவிட்டான் என்பதை "பாய் மர் கயா" என்றேன். இங்கே ரூம்காரனும் பாய், டிரைவரும் பாய், டீக்கடைக்காரனும் பாய். "எந்த பாய்?" என்று ஆபீசில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டது. பிஜு சேட்டன் வந்து கூடப் பிறந்த அண்ணன் என்று விளக்கினார். அவசர லீவுக்கு யார் யார் சாகலாம் என்று ஒரு பேப்பரில் இருக்கிறது. அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை. அண்ணன் அதில் இல்லை. பாஸ்போர்ட் அவர்கள் கையில். சேட்டன் எனக்காக ரொம்ப நேரம் வாதாடினார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மாசம் போய் என்ன செய்ய?

அடக்கத்தை என் சித்தப்பா பையன் போனில் காட்டினான். கடற்கரைக் காற்றில் அவன் கை ஆடியது. நான் பார்த்தது முக்கால்வாசி வானம். நடுவில் ஒரு தடவை அம்மா சத்தம் கேட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கட் செய்தான். நான் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

4

சீட்டு விஷயமாக நைனா திங்கட்கிழமை கூப்பிட்டார். "நீ சொன்னா அது கேக்கும்டா. எனக்கு அதுங்கிட்ட பேசத் தெரியல" என்றார். நான் நித்யாவை வீடியோவில் கூப்பிட்டேன். சிக்னலுக்காகக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகு மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகம் இளைத்திருந்தது.

"போவ மாட்டேன்றியாமே?"

"போவ மாட்டேன்னு சொல்லல சின்னண்ணா. யோசிக்கறேன்னு சொன்னேன்."

"இதுல யோசிக்க இன்னா கீது? ஊர்ல எவனுக்காவது கெடைக்குமா இது?"

"சென்னையில பத்திரிகைப் படிப்பு ஒண்ணு கீது. அதுக்கும் போட்டுகீறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வீட்ல ஒரு பொணம் வுழுந்தது பத்தலயா?"

அவள் கோபப்படவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கத்து. ஏரிக்கு அந்தாண்ட ஆஸ்பத்திரியில டாக்டரே வரதில்லன்னு பெரியண்ணா எழுதுச்சு, ஞாபகம் கீதா? எழுதுன மறுவாரம் டாக்டரு வந்தாங்க. தெனமும் வந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுட்டாங்க. மறுபடியும் எழுதுச்சு. மறுபடியும் வந்தாங்க." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "டாக்டருங்க எம்மாமோ பேரு கீறாங்க. அவங்கள இங்க வரவெக்கிற ஆளு ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

"வரவெச்ச ஆளுக்கு இன்னா குடுத்தானுங்க? எழுபது ரூபா."

"பெட்ரோலுக்கு மட்டும் அன்னிக்கு நூத்தியிருவது ஆச்சு. எனக்குத் தெரியாதா? நான்தான டைப் பண்ணேன்."

"தெரிஞ்சிகினே போறேன்றியே, லூசாடி நீ?"

"எல்லாரும் பெரியண்ணா மாரி வெளில நிக்க மாட்டாங்க. டிவில சேந்தா மாசச் சம்பளம் உண்டு. இருவதுல ஆரம்பிக்கும்."

"நான் கக்கூஸ் கழுவியே அதவிட வாங்கறேன்."

"ஆமா, வாங்கற. பெருமையா சொல்லிக்கோ" என்றாள். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"டாக்டருன்னா சம்பளம், சம்பளம்னு எல்லாரும் சொல்றீங்க. எம்மாம்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாது. சும்மா வாய்ல வந்தத சொல்ற. அங்கதான தெனமும் அவங்க ரூம தொடைக்கற? கேட்டுச் சொல்லு. பெரியண்ணா வாங்குனத நான் சொல்றேன், அவங்க வாங்கறத நீ சொல்லு. பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்போம்."

அதனால்தான் மறுநாள் லிஃப்டில் கேட்டேன்.

5

வியாழக்கிழமை காலையில் அந்த டாக்டருடைய அறையைத் துடைக்கப் போனேன். அவர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். சண்முகநாதன் என்று பெயர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். நெஞ்சில் அடைப்பு எடுக்கிறவர். திரும்பிப் போகப் பார்த்தேன்.

"தம்பி, நீங்கதான லிஃப்ட்ல கேட்டது?"

"ஆமா சார். மன்னிச்சிக்கோங்க. எங்க ஊர்ல கேப்பாங்க."

"எதுக்குக் கேட்டீங்க?"

சொன்னேன். தங்கச்சி, சீட்டு, அண்ணன், எழுபது ரூபாய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

அவர் சம்பளத்தை ரியாலில் சொன்னார். அப்புறம் எனக்குப் புரியட்டும் என்று நம் காசில் சொன்னார். ஒன்பது லட்சம் சொச்சம். "உங்களுக்கு ஒரு வருஷத்துல வர்றது எனக்குப் பத்து நாள்ல வந்திரும் தம்பி" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இதுக்கு எத்தன வருஷம் படிச்சேன்னும் சொல்லணும்ல? முடிக்கும்போது தலை பாதி நரைச்சிருச்சி. தங்கச்சிகிட்ட அதையும் சொல்லுங்க."

"சரி சார்."

"அண்ணனுக்கு வலி வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு மணி நேரம் இருந்தான் சார்."

ஒரு வருஷமாக நான் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "இங்க வந்திருந்தா?"

"அதைக் கேக்காதீங்க தம்பி."

"சொல்லுங்க சார்."

"பிழைச்சிருப்பார். அநேகமா."

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "எங்க பக்கம் ஏன் சார் உங்கள மாரி ஒருத்தர்கூட இல்ல?"

"நானே இங்கதான இருக்கேன்" என்றார். "ஊர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரில கொஞ்ச நாள் பாத்தேன்."

"சம்பளம் பத்தலயா சார்?"

"பத்திச்சு. இங்க அதவிட ரொம்ப அதிகம். வேற காரணம் சொன்னா பொய்." பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். "எம்பையன் அயர்லாந்துல படிக்கான். போன் பண்ணா தமிழ்ல 'சரிப்பா' மட்டும் சொல்லுவான். மிச்சமெல்லாம் இங்கிலீசு. சரி விடுங்க. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இந்த சீட்டை விடக்கூடாது. யோசிக்கவே கூடாது."

அன்றைக்கு முழுக்க எனக்கு ஏரி ஞாபகம்தான். அவர் நல்ல இடத்தில் வலை கட்டியிருக்கிறார். அண்ணன் பாசியில் கட்டியிருந்தான். எங்கள் ஊராக இருந்தால் மாறியிருக்கும். அண்ணன் கையில் கத்தியைக் கொடுத்து நெஞ்சைத் திறக்கச் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், அவ்வளவு முட்டாள் இல்லை. அந்த டாக்டர் படித்த படிப்பு பெரிசு. ஒருத்தருடைய உயிரை ஒரு மணி நேரத்தில் மீட்கிறார், அதை நானே பார்த்திருக்கிறேன். அவர் நிறைய வாங்கட்டும். ஆனால் ஒன்பது லட்சத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் இவ்வளவு தண்ணீர் எதற்கு? அந்த மூவாயிரம்கூட எங்கள் ஊருக்கு டாக்டரை வரவழைக்கத்தான் செலவானது. எனக்குப் பதில் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள்.

6

வியாழக்கிழமை சாயங்காலமே நித்யாவைக் கூப்பிட்டேன். மறுநாளோடு கெடு முடிகிறது.

"கேட்டியா?"

"கேட்டேன். ஒம்பது லட்சம்."

"வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு."

அவளுக்குப் பின்னால் யாரோ வலை உதறுகிற சத்தம் கேட்டது.

"அந்த டாக்டரு எந்த ஊரு?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"அவுரு ஊர்ல நெஞ்சு வலி வந்தா யாரு பாப்பாங்க?"

"தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "யாரும் பாக்க மாட்டாங்க. அதான் சின்னண்ணா நான் சொல்றது. நானும் படிச்சி முடிச்சிட்டு எங்க ஒம்பது லட்சம் கீதோ அங்கதான் போவேன். எல்லாரும் அங்கதான் போறாங்க. நான் மட்டும் இன்னா தனியா பொறந்துகீறேனா?"

"போ."

"இன்னா?"

"போன்றேன். பாப்பா, நான் சொல்றத கேளு. ஊருக்கு நீ ஒண்ணும் பண்ண வாணாம். பெரியண்ணா பண்ணான் இல்ல, போதும். நீ உசுரோட இருந்தா போதும் எனக்கு. நாளைக்கு உனக்கு நெஞ்சு வலிச்சா சோடா குடிச்சிட்டு உக்காரக்கூடாது. எவன்கிட்டயும் கேக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி படுக்கணும். அந்தக் காசு உன் கையில இருக்கணும். அதுக்குத்தான் படிக்கச் சொல்றேன். வைத்தியம் பண்றது, சேவை பண்றது, அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னொரு வாட்டி என்னால போன்ல பாக்க முடியாதுடி."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. போனைக் கீழே பிடித்துக்கொண்டாள். படகுடைய நீலப் பெயிண்ட் மட்டும் தெரிந்தது.

"சரி. சேர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நான் டாக்டராயி இங்க வந்து பாப்பேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. நைனாகிட்டயும் சொல்லாத. பொய் சொல்லிட்டுப் போன மாரி இருக்கும்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ராத்திரி பஸ்ஸிலேயே அம்மாவும் சித்தப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெற்கே ஒரு மாவட்டத்தில் காலேஜ். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குள் ஊரில் அவள் போட்டோ போட்டுப் பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் அதை நியூஸ் ஆக்கியிருப்பான். இப்போது அனுப்ப ஆள் இல்லை, எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நித்யாவிடம் பேசி நாலு நாள் ஆகிறது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. "கிளாஸ்ல கீறேன்" என்று மெசேஜ் வருகிறது. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

நேற்று அண்ணனுக்கு வருஷத் திதி. நைனா கரையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து என்னை வீடியோவில் கூப்பிட்டார். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். சாப்பிட்டியா, வேலை எப்படி, அங்கே மழை உண்டா என்று கேட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டேய் தினா, பாப்பா படிச்சி முடிச்சிட்டு இங்கதான வரும்?"

"அதுக்கு இன்னும் எம்மாம் வருஷம் கீது நைனா. இப்பவே இன்னா?"

"சும்மா கேட்டேன்டா. ஊர்ல கேக்கறாங்க. ஆஸ்பத்திரி கட்டிக்க ஏரிக்கர மேல எடம் வுடறேன்றாரு ஊர் தலைவரு. நான் இன்னா பதில் சொல்றது?"

நான் ம் என்றேன்.

"வராது, இல்ல?"

நான் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பரவால்லடா. நீ போன. அதுவும் போவட்டும். ஒரே ஒருத்தன்தான் போவாம இங்கியே சுத்திகினு இருந்தான். அவனையும் எங்கியாவது போடான்னு தொரத்தி வுட்டிருக்கணும்."